எரியாத விளக்கு: வீட்டு வயரிங்கில் பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறை

சுவிட்சைப் போட்டும் விளக்கு எரியவில்லை என்றால் முதலில் பல்பை மாற்றிப் பார்ப்பதும், அப்போதும் எரியாவிட்டால் சுவிட்சை மாற்றுவதும், அதற்கும் சரியாகாவிட்டால் வயரையே புதிதாக இழுக்கச் சொல்வதும் பல வீடுகளில் நடக்கிற வழக்கம். இப்படி ஒவ்வொரு பொருளாக மாற்றிக்கொண்டே போவதைப் பழுது தேடுவது என்று சொல்ல முடியாது. பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று அளந்து தெரிந்துகொண்ட பிறகே எதையும் கழற்ற வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளப் பெரும்பாலும் சுவரை உடைக்கத் தேவையே இல்லை. ஏனென்றால் குழாய்க்குள் நடுவழியில் ஓடுகிற கம்பி தானாகக் கெட்டுப்போவது அரிது. கம்பி முடிகிற இடங்களில்தான், அதாவது திருகுக்கு அடியிலும், முறுக்கிச் சேர்த்த முனையிலும், ஹோல்டருக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டிலும்தான் பழுதுகளில் பெரும்பகுதி ஒளிந்திருக்கிறது.

தொடங்குவதற்கு முன் ஒரு வரம்பைச் சொல்லிவிட வேண்டும். பல நாடுகளில் சுவரோடு பதித்த வயரிங் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதி இருக்கும் இடத்தில், பழுது எங்கே என்று கவனித்துச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டு, கம்பியில் கை வைப்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். சரியாகக் கவனித்துச் சொல்கிற வீட்டுக்காரரால் அவருடைய வேலையும் பாதியாகக் குறையும்.

மின்சாரம் போகிற வழியும் திரும்புகிற வழியும்

ஒரு விளக்கு எரிய வேண்டுமானால் மின்னோட்டம் அதற்குள் நுழைந்தால் மட்டும் போதாது. வெளியேறித் திரும்பிப் போகவும் வேண்டும். மின்பெட்டியிலிருந்து எம்சிபி (மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகப் புறப்படும் பேஸ் கம்பி, அதாவது மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பி, சுவிட்சுக்கு வருகிறது. சுவிட்சைப் போட்டதும் அதன் மறுமுனையிலிருந்து இன்னொரு கம்பி விளக்குக்குப் போகிறது. விளக்கைக் கடந்த மின்னோட்டம் நியூட்ரல் கம்பி வழியாக மின்பெட்டிக்குத் திரும்புகிறது. நியூட்ரலுக்கு நடுவில் சுவிட்ச் எதுவும் இருக்காது. எர்த் கம்பி இந்தச் சுற்றில் பங்கு பெறுவதில்லை. விளக்கின் உலோக உடலில் பேஸ் பட்டுவிட்டால் அந்த மின்னோட்டத்தை மண்ணுக்குக் கொண்டுபோய், ஃபியூஸையோ எம்சிபியையோ விழவைப்பதற்காக மட்டுமே அது காத்திருக்கிறது.

இந்தச் சுற்றில் நேரக்கூடிய கோளாறுகள் அடிப்படையில் நான்குதான். வழி எங்கேயாவது அறுந்திருக்கலாம். அப்போது விளக்கு எரியாது, வேறொன்றும் நடக்காது. பேஸும் நியூட்ரலும் விளக்கைச் சந்திக்காமல் நடுவிலேயே ஒன்றையொன்று தொட்டிருக்கலாம். இதுதான் ஷார்ட் சர்க்யூட், எம்சிபி உடனே விழும். பேஸோ நியூட்ரலோ எர்த்தைத் தொட்டிருக்கலாம், அல்லது ஈரத்தின் வழியாக அதற்குக் கசிந்துகொண்டிருக்கலாம். கசிவைக் கண்டறியும் ஆர்சிசிபி இருந்தால் அது விழும். கடைசியாக, வழி அறுபடாமல் ஓர் இடத்தில் மட்டும் தளர்ந்திருக்கலாம். விளக்கு மினுக்கும், அந்த இடம் சூடாகும். எரியாத விளக்கைவிட மினுக்குகிற விளக்குக்கே நான் அதிகம் அஞ்சுவேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

10 வாட் எல்இடி பல்பு 230 வோல்ட்டில் குறைந்தது 43 மில்லியாம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது. மனித உயிரைக் காக்கவென்று பொருத்தப்படும் ஆர்சிசிபிகள் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே விழும்படி செய்யப்பட்டவை. அதாவது ஒரு சின்ன பல்பை எரியவைக்கிற அளவு மின்னோட்டமே உடலின் வழியாகப் போனால் உயிருக்கு ஆபத்து. ‘லைட் லைன்தானே’ என்கிற அலட்சியத்துக்கு இங்கே இடமே இல்லை. தவிர, ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டுவிட்டால் ஆர்சிசிபியால்கூடக் காப்பாற்ற முடியாது. அதன் கணக்கில் நீங்களும் ஒரு விளக்குதான், போன மின்னோட்டம் அத்தனையும் திரும்பி வந்துவிடுகிறது.

சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரைக் கழற்றுவது பாதுகாப்பாகாது. சிலர் வயரிங் செய்யும்போது சுவிட்சைப் பேஸில் வைக்காமல் தவறாக நியூட்ரலில் வைத்திருப்பார்கள்; அந்த விளக்கு சுவிட்சுக்குச் சொன்னபடி எரிந்து அணைந்தாலும், அணைந்திருக்கும் நேரத்திலும் ஹோல்டரில் பேஸ் நின்றுகொண்டேயிருக்கும். ஆகவே எம்சிபியை அணைக்க வேண்டும், முடிந்தால் அதைப் பூட்ட வேண்டும்; பழைய ஃபியூஸ் பெட்டியானால் ஃபியூஸ் கட்டையை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ கூரைச் சோலாரோ இருந்தால் மெயினை அணைத்த பிறகும் சில கம்பிகளில் மின்சாரம் இருக்கும் என்பதை மறக்கவே கூடாது. அவற்றையும் தனியாக அணைத்தாக வேண்டும்.

அணைத்தாகிவிட்டது என்பதை ஊகத்தால் முடிவு செய்யாமல் சோதித்து உறுதிப்படுத்த வேண்டும். மீட்டரை முதலில் மின்சாரம் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த ஒரு பாயிண்ட்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் அளக்க வேண்டும். மூன்றிலும் சுழியம் காட்டினால் மறுபடியும் முதல் பாயிண்ட்டுக்குப் போய், இடையில் மீட்டர் கெட்டுவிடவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நடுவில் பேட்டரி தீர்ந்துபோன மீட்டரும் சுழியத்தைத்தான் காட்டும்.

கம்பியின் நிறத்தை வைத்துப் பேஸ், நியூட்ரல் என்று முடிவு செய்வதும் ஆபத்தானது. ஐரோப்பிய முறையில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். அமெரிக்காவில் கறுப்பு பேஸ், வெள்ளை நியூட்ரல். இந்தியாவிலோ சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் பேஸாக வரலாம், கறுப்பு நியூட்ரல். ஓரிடத்தில் நியூட்ரலாக இருக்கும் நிறம் இன்னோரிடத்தில் பேஸாக இருக்கிறது. போதாக்குறைக்கு, வேலை செய்தவர் கையில் மிஞ்சியிருந்த வயரை எந்த நிறம் என்று பாராமல் இழுத்துவிட்ட வீடுகளும் உண்டு. நிறத்தைக் குறிப்பாக எடுத்துக்கொண்டு, அளந்து பார்த்ததை மட்டும் நம்புங்கள்.

எது வரை எரிகிறது?

திருப்புளியை எடுப்பதற்கு முன் வீட்டைச் சுற்றி வந்து பார்க்க வேண்டியது இந்தக் கேள்வியைத்தான். ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையா, ஓர் அறை முழுவதுமா, ஒரு எம்சிபியில் உள்ள எல்லாமுமா, வீடு முழுவதுமா? வீடு முழுவதும் இல்லை என்றால் மெயினிலோ வெளியிலிருந்து வரும் லைனிலோ கோளாறு. ஒரு எம்சிபியின் கீழ் உள்ள அனைத்தும் இல்லை என்றால் அந்த எம்சிபியிலோ, மின்பெட்டியில் அதன் நியூட்ரல் முனையிலோ, முதல் பாயிண்ட் வரை போகும் கம்பியிலோ பார்க்க வேண்டும். ஒரே விளக்கு என்றால் எரிகிற வேறொரு பல்பைக் கழற்றி வந்து போட்டுப் பாருங்கள். புதிதாக வாங்கிய பல்பை விட, சற்று முன்வரை கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்த பல்பையே நம்பலாம்.

நடுத்தரமான நிலை ஒன்று உண்டு. அதில்தான் யோசித்துத் தேடுவதன் பலன் நன்றாகத் தெரியும். ஒரு சர்க்யூட்டில் சில விளக்குகள் எரிகின்றன, சில எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வயரிங்கில் கம்பிகள் ஒரு பாயிண்ட்டிலிருந்து அடுத்த பாயிண்ட்டுக்கு என்று சங்கிலியாகத் தொடர்ந்து போகின்றன. ஒரு போர்டில் இறங்கும் பேஸ் அங்கிருந்து லூப் எடுத்து அடுத்த போர்டுக்கும், ஒரு விளக்கில் வரும் நியூட்ரல் அங்கிருந்து அடுத்த விளக்குக்கும் போகும். சில வீடுகளில் இந்த லூப் கம்பிகள் சேரும் ஜங்ஷன் பாக்ஸில் இருக்கும், சிலவற்றில் கூரையிலிருந்து விளக்கு வயர் இறங்கும் சீலிங் ரோஸுக்குள்ளேயே இருக்கும். எங்கே இருந்தாலும், பழுது இருக்கிற இடம் அந்தச் சங்கிலியில் கடைசியாக எரிகிற விளக்குக்கும் அதற்கு அடுத்து எரியாத விளக்குக்கும் இடையில்தான். இவ்விரண்டில் எதில் பழுது என்று கேட்டால், இரண்டிலும் இருக்கலாம் என்பதே பதில். எரிகிற விளக்கின் ஹோல்டரில் அதற்கான கம்பி நன்றாகவே இருக்கும்; அதிலிருந்து அடுத்ததற்குப் புறப்படும் லூப் கம்பி மட்டும் திருகிலிருந்து நழுவியிருக்கும். எரிகிற விளக்கை யாரும் திறந்து பார்க்காததால் இந்தப் பழுது பல சமயம் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

சங்கிலி எந்த வரிசையில் போகிறது என்று தெரியாத வீட்டில், அந்த எம்சிபியை அணைத்து எவையெல்லாம் அணைகின்றன என்று குறித்து, மின்பெட்டியிலிருந்து உள்ள தூரத்தை வைத்து ஒரு தாளில் உத்தேசமாகப் படம் போட்டுக்கொள்ளலாம். பாயிண்ட்டுகள் நிறைய இருந்து எல்லாமே எரியவில்லை என்றால் ஒரு முனையிலிருந்து வரிசையாகத் திறந்துகொண்டு போகாமல் நடுவில் உள்ள பெட்டியைத் திறந்து அளக்க வேண்டும். அங்கே மின்சாரம் சரியாக வந்தால் பழுது அதற்கு அப்பால், வராவிட்டால் இப்பால். மிஞ்சிய பாதியை மறுபடியும் நடுவில் பிரிக்க வேண்டும். எட்டுப் பெட்டிகள் இருந்தால் மூன்று முறை திறப்பதிலேயே இடம் கிடைத்துவிடும்.

டெஸ்டர் எரிகிறது, விளக்கு எரியவில்லை

தொடக்கநிலையில் இருப்பவர்களைக் குழப்புகிற பழுதுகளில் இதுதான் முதன்மையானது. ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம். ஒரு விளக்கு எரியவில்லை. பல்பு நன்றாக இருக்கிறது. பல்பு மாட்டியபடியே இருக்க, சுவிட்சைப் போட்டு, விளக்குக்கு இரண்டு கம்பிகளும் வந்து சேரும் இணைப்பில் டெஸ்டரை வைத்தால் ஒரு முனையில் மட்டுமல்லாமல் இரண்டு முனைகளிலும் எரிகிறது. ‘இரண்டிலும் கரண்ட் வருகிறது, பிறகு ஏன் எரியவில்லை?’ என்று கேட்பார்கள்.

இரண்டிலும் வருவதால்தான் எரியவில்லை. நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. பேஸ் வழக்கம்போல விளக்கின் ஒரு முனைக்கு வந்து, பல்பின் உள்ளே புகுந்து, மறுமுனைக்கும் வந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து திரும்பிப் போக வழியில்லை. மின்னோட்டம் நகராமல் நிற்பதால் பல்பின் இரு முனைகளுக்கும் இடையில் மின்னழுத்த வேறுபாடு இல்லை. அறுந்த இடத்துக்கு இப்பால் உள்ள நியூட்ரல் கம்பி முழுவதும் இப்போது பேஸைப் போலவே கொல்லும். அதே நியூட்ரலில் வேறு விளக்குகளும் மாட்டியிருந்து அவற்றில் ஒன்றன் சுவிட்ச் போட்டிருந்தால், நீங்கள் பார்க்கிற விளக்கின் சுவிட்சை அணைத்த பிறகும் இந்த நியூட்ரல் முனையில் மின்சாரம் இருக்கும். கறுப்பு வயர்தானே என்று கையால் பிடிப்பவர்கள் அடிபடுவது இங்கேதான்.

டெஸ்டரால் இதைத் தீர்மானமாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் அதன் அமைப்பு. அதற்குள் ஒரு சிறிய நியான் பல்பும், அதனோடு தொடராக மிக உயர்ந்த மின்தடையும் இருக்கின்றன. உங்கள் உடல் வழியாக மிக நுண்ணிய மின்னோட்டம் போனாலே அது எரியும். ஆகவே ஒரு கம்பியில் மின்னழுத்தம் இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். அந்தக் கம்பியால் ஒரு விளக்கைச் சுமக்க முடியுமா என்று சொல்லாது. நல்ல நியூட்ரலில் டெஸ்டர் எரிவதில்லை, அறவே இணைக்கப்படாத கம்பியிலும் எரிவதில்லை. இரண்டையும் அது வேறுபடுத்திக் காட்டுவதில்லை. வெளிச்சமான பகலில் அதன் மங்கிய ஒளி தெரியாமலும் போகலாம். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி ஒருபோதும் கம்பியைத் தொடக் கூடாது.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து மூன்று அளவுகள் எடுத்தால் குழப்பம் தீர்ந்துவிடும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ட் வர வேண்டும். 120 வோல்ட் முறை உள்ள நாடுகளில் அந்த எண். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஓரிரு வோல்ட்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. பேஸ்–எர்த் சரியாக வந்து, பேஸ்–நியூட்ரல் மட்டும் வராவிட்டால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. இரண்டுமே வராவிட்டால் பேஸ் வரவில்லை. அடுத்துப் பார்க்க வேண்டியது சுவிட்ச். நியூட்ரல்–எர்த் அளவு 230ஐ ஒட்டிக் காட்டினால், அறுந்த நியூட்ரலில் பேஸ் ஏறி நிற்கிறது.

மீட்டரும் சில நேரம் வழிதவற வைக்கும். எதனோடும் இணையாமல் தொங்கும் கம்பி, ஒரே குழாயில் பேஸ் கம்பியோடு நெடுந்தூரம் ஒட்டி ஓடுகிறபோது, இரண்டு கம்பிகளும் சேர்ந்து ஒரு சிறு கெப்பாசிட்டராக வேலை செய்கின்றன. டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை 10 மெகாஓம் அளவுக்கு உயர்ந்தது என்பதால் அந்தக் கம்பியில் 50 வோல்ட்டோ 90 வோல்ட்டோ இருப்பதாகக் காட்டும். 230ஆகவும் இல்லாமல் சுழியமாகவும் இல்லாமல் இப்படி நடுவில் ஓர் எண் வந்தால், அது பெரும்பாலும் எங்கேயும் இணைக்கப்படாத கம்பி. ஹோல்டரோடு இரண்டு கம்பி நீட்டிய டெஸ்ட் லேம்பை எலக்ட்ரீஷியன்கள் இன்னும் கைவிடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்: அந்தப் பொய்யான அளவால் ஒரு பல்பை எரிய வைக்க முடியாது. சுவிட்சை அணைத்த பின்னும் எல்இடி பல்பு இலேசாக மின்னிக்கொண்டிருப்பதற்கும் பல நேரம் இதே விளைவுதான் காரணம். சுவிட்சில் சிறு இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலோ, சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருந்தாலோ அதே போல மின்னும். மூன்றாவது காரணம் மட்டும் திருத்தியே ஆக வேண்டியது.

நியூட்ரல் பழுதில் இன்னொரு வகை உண்டு. அதில் வீட்டுக்காரர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீட்டில் மெயின் நியூட்ரல் அறுந்தால், ஓர் அறையில் விளக்குகள் கண்ணைக் கூசும் அளவுக்குப் பிரகாசமாகவும் இன்னோர் அறையில் மங்கலாகவும் எரியும். அப்போது சில அறைகளுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட் வரை போகக்கூடும். கண்டவுடன் மெயினை அணைத்துவிட்டு மின் விநியோக அலுவலகத்தை அழைக்க வேண்டும்.

மினுக்குகிற விளக்கு

தளர்ந்த இணைப்புக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்பதைக் கணக்கே காட்டும். ஓர் இணைப்பில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் அந்த இடத்து மின்தடையையும் பெருக்கினால் வருவது. நன்றாக முறுக்கிய திருகின் அடியில் மின்தடை புறக்கணிக்கத் தக்க அளவு சிறியது. அது தளர்ந்து 1 ஓம் ஆகிவிட்டால், அதன் வழியாக 5 ஆம்பியர் போகும்போது 25 வாட் வெப்பம் அந்த ஒற்றைத் திருகில் எழும். அது சால்டரிங் அயர்ன் முனையின் வெப்பத்துக்கு நிகரானது. ஒரே ஒரு எல்இடி விளக்கு 5 ஆம்பியர் எடுக்காது என்பது உண்மைதான். ஆனால் தளர்ந்த இணைப்பு சங்கிலியின் தொடக்கத்தில் இருந்து, அதற்கு அப்பால் விளக்குகளோடு மின்விசிறிகளும் பிளக் பாயிண்ட்டும் தொடர்ந்தால், அத்தனையின் மின்னோட்டமும் அந்தத் திருகு வழியாகத்தான் போகிறது. மின்னோட்டம் அளவுக்கு மீறாததால் எம்சிபிக்கு இது தெரியவே தெரியாது. எம்சிபி விழவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் பிளாஸ்டிக் கருகிக்கொண்டிருக்கும்.

மின்சாரத்தை அணைத்து அப்படிப்பட்ட ஒரு பெட்டியைத் திறந்தால் பழுது தானாகவே கண்ணில் படும். மற்ற திருகுகள் மஞ்சளாக மின்னும்போது ஒன்று மட்டும் மங்கிச் செம்பழுப்பாக இருக்கும். அதில் நுழையும் செம்புக் கம்பி கறுத்து, அதன் மேலுறை ஓர் அங்குலம் வரை இறுகி, நகத்தால் தொட்டாலே பொடியாக உதிரும். அருகிலுள்ள பிளாஸ்டிக்கில் பழுப்பு நிற வளையம் படிந்திருக்கும். கருகிய நாற்றம் பெட்டியை மூடிய பிறகும் போகாது. இன்னொரு வகையில் கம்பி கறுத்திருக்காது, திருகும் இறுக்கமாகவே இருக்கும். உற்றுப் பார்த்தால் திருகு செம்பை அழுத்தாமல் மேலுறையை அழுத்திக்கொண்டிருப்பது தெரியும். உரித்த நீளம் போதாமல் போனதால் வந்த வினை இது. புதிதாகப் போட்ட வயரிங்கில் சில மாதங்கள் கழித்துத் தலைகாட்டும் மினுக்கலுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

எந்தச் சுவிட்சைத் தட்டினால் விளக்கு மினுக்குகிறது, மின்விசிறியைப் போட்டதும் மினுக்குகிறதா, அரைமணி நேரம் எரிந்த பிறகு அணைந்து ஆறிய பின் மறுபடி எரிகிறதா என்பதையெல்லாம் கவனித்து எழுதி வையுங்கள். சூடானதும் அணைந்து ஆறியதும் எரிவது எல்இடி பல்புக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் கெட்டதாலும் நேரலாம் என்பதால் அதை மட்டும் பல்பை இடம் மாற்றிப் பார்த்து ஒதுக்கிவிட வேண்டும். பல விளக்குகள் ஒரே நேரத்தில் மினுக்கினால் பல்புகளை மறந்துவிட்டு, அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக முன்னால் இருக்கிற இணைப்புக்குப் போங்கள்.

மின்சாரத்தை அணைத்த நிலையில் மின்தடையை அளந்தும் தளர்வைக் கண்டுபிடிக்கலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம். போக 20 மீட்டரும் வர 20 மீட்டருமாக உள்ள சுற்றில் தூர முனையில் இரண்டு கம்பிகளையும் சேர்த்துவைத்து, மின்பெட்டி முனையில் இரண்டையும் கழற்றி அளந்தால் அரை ஓம் அளவில் வர வேண்டும். மீட்டரின் இரு முனைகளைத் தொடவைத்தால் வருகிற எண்ணை முதலில் கழித்துக்கொள்ளுங்கள். 5 ஓம், 6 ஓம் என்று வந்தாலோ, வயரை ஆட்டும்போது எண் தாவினாலோ வழியில் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது.

எம்சிபியோ ஆர்சிசிபியோ விழுந்தால்

ஒரு குறிப்பிட்ட விளக்கின் சுவிட்சைப் போட்ட நொடியிலேயே எம்சிபி விழுந்தால் வேலை சுலபம்: ஷார்ட் அந்தச் சுவிட்சுக்கு அப்பால், ஹோல்டரிலோ விளக்கிலோ இருக்கிறது. எல்லாச் சுவிட்சுகளும் அணைந்திருக்கும்போதே விழுந்தால் சுவிட்சுகளுக்கு முன்னால் உள்ள கம்பியில் இருக்கிறது. மறுபடி மறுபடி எம்சிபியைத் தூக்கிவிட்டுச் சோதிக்கக் கூடாது; ஒவ்வொரு முறையும் பழுதான இடத்தில் பெரும் மின்னோட்டம் பாய்கிறது. மின்சாரத்தை அணைத்து, பல்புகளையும் மற்ற மின்பொருள்களையும் எல்லாம் கழற்றி, மின்பெட்டியில் அந்தச் சர்க்யூட்டின் பேஸையும் நியூட்ரலையும் கழற்றி, அவற்றுக்கிடையே மின்தடையை அளந்தபடி சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எந்தச் சுவிட்சில் எண் சுழியத்துக்கு இறங்குகிறதோ அதுவே இடம். சுவரில் அண்மையில் ஆணி அடித்திருந்தால், குறிப்பாகச் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே அடித்திருந்தால், முதலில் அதைச் சந்தேகிக்க வேண்டும். சுவிட்சுக்கு வரும் குழாய் பெரும்பாலும் நேர் மேலேயிருந்துதான் இறங்கும். பொய்க்கூரைக்கு மேல் எலி கடித்த கம்பியும் இதே வகையைச் சேர்ந்தது.

ஆர்சிசிபி விழுவது வேறு கதை. அது பேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று மட்டும் பார்க்கிறது. மழை பெய்தால் மட்டும் விழுந்தால் வெளி விளக்குகளையும் மாடிப்படி விளக்கையும், குளியலறையைப் பயன்படுத்திய பின் விழுந்தால் அங்குள்ள ஹோல்டரையும் பாருங்கள். மிகவும் திகைக்கவைப்பது, சந்தேகப்பட்ட சர்க்யூட்டின் எம்சிபியை அணைத்த பின்னும் ஆர்சிசிபி விழுவது. ஒற்றை முனை எம்சிபி பேஸை மட்டுமே துண்டிக்கும். அந்தச் சர்க்யூட்டின் நியூட்ரல் இணைந்தேதான் இருக்கும். அது எங்கேயாவது எர்த்தைத் தொட்டிருந்தால், வீட்டின் மற்ற கருவிகளிலிருந்து நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்த வழியாக மண்ணுக்குப் போய்விடும். ஆகவே மெயினை அணைத்து, எல்லா நியூட்ரல்களும் சேரும் நியூட்ரல் பாரிலிருந்து ஒவ்வொரு நியூட்ரலாகக் கழற்றித்தான் குற்றவாளியைப் பிரிக்க முடியும். இந்த வேலைக்கு எலக்ட்ரீஷியன் மெக்கர் என்கிற கருவியைக் கொண்டுவருவார். அது 500 வோல்ட் டிசியைச் செலுத்திக் கம்பியின் மேலுறை தாங்குகிறதா என்று பார்க்கும். சர்வதேச விதி கேட்கும் குறைந்தபட்ச அளவு 1 மெகாஓம். எல்இடி விளக்குகளையும் டிம்மர்களையும் கழற்றாமல் அதை இயக்கினால் அவை கெட்டுப்போகலாம்.

மாடிப்படி விளக்கு போல இரண்டு இடத்திலிருந்து இயக்கும் டூ வே சுவிட்சுகளில், ஒரு சுவிட்ச் குறிப்பிட்ட நிலையில் இருந்தால் மட்டுமே மற்றது வேலை செய்கிறது என்றால், பெரும்பாலும் யாரோ சுவிட்சை மாற்றியபோது நடுவிலுள்ள பொது முனைக் கம்பியை ஓரத்து முனையில் மாட்டியிருப்பார்கள். கழற்றும் முன் ஒரு படம் எடுத்து வைத்தால் இது நேராது. கீழ்த்தளத்தின் பேஸையும் மேல்தளத்தின் நியூட்ரலையும் சேர்த்து இந்த விளக்கைப் போட்டிருக்கும் வீடுகளும் உண்டு. அங்கே ஒரு எம்சிபியை அணைத்தால் போதாது, இரண்டையும் அணைக்க வேண்டும்.

சரிசெய்வது

இடம் தெரிந்துவிட்டால் திருத்துவது சிறிய வேலைதான், ஆனால் அதை நிறைவாகச் செய்ய வேண்டும். கருகிய கம்பி முனையை நன்றாக இருக்கும் செம்பு வரும் வரை வெட்டிவிட வேண்டும். கறுத்ததைச் சுரண்டி அதே இடத்தில் மாட்டினால் சூடு திரும்பவும் வரும். கருகிய சுவிட்சையோ ஹோல்டரையோ கனெக்டரையோ மாற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் சூடுபட்ட பித்தளை தன் இறுக்கத்தை இழந்துவிட்டது. வெட்டியதால் கம்பியின் நீளம் குறைந்தால், அதே அளவுள்ள கம்பித் துண்டைக் கனெக்டர் வைத்து இணைக்கலாம். அந்த இணைப்பு திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும்; குழாய்க்குள்ளோ பூச்சுக்கு அடியிலோ இருக்கவே கூடாது. முறுக்கி டேப் சுற்றிப் பூச்சுக்குள் புதைத்த இணைப்பு அடுத்த பழுதின் போது யாருக்கும் தெரியாத இடத்தில் இருக்கும். பழைய வீடுகளின் அலுமினியக் கம்பியைச் செம்போடு நேரடியாக முறுக்கக் கூடாது. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது, திருகின் அழுத்தத்தில் அந்த உலோகம் காலப்போக்கில் நசுங்கித் தளர்ந்தும் போகும். அதற்கென்றே செய்யப்பட்ட கனெக்டர் தேவை.

திருகை இறுக்கிய பின் ஒவ்வொரு கம்பியையும் கையால் ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். மின்சாரத்தைத் திரும்பக் கொடுப்பதற்கு முன், பல்பு இல்லாமல், மின்பெட்டியில் அந்தச் சர்க்யூட்டின் நியூட்ரலையும் கழற்றிவைத்து, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலும், இரண்டுக்கும் எர்த்துக்கும் இடையிலும் மின்தடையை அளந்து, எங்கும் தொடர்பு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு நியூட்ரலைத் திரும்ப மாட்டி, சுவிட்ச் அணைந்திருக்கும் நிலையில் எம்சிபியைத் தூக்கி, ஹோல்டரில் பேஸ் இல்லை என்று பார்க்க வேண்டும்; இருந்தால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது, அதை இப்போதே மாற்ற வேண்டும். அதன் பின் பல்பைப் போட்டு, அந்தச் சர்க்யூட்டின் மற்ற விளக்குகளையும் விசிறிகளையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு, எம்சிபியை மறுபடி அணைத்து, கம்பிகளில் மின்சாரம் இல்லை என்று முன்போலவே சோதித்துவிட்டு, பெட்டியின் மூடியைத் திறந்து திருத்திய இணைப்பைத் தொட்டுப் பாருங்கள். அருகிலுள்ள மற்ற இணைப்புகளைவிட அது சூடாக இருக்கக் கூடாது. ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனையும் அழுத்தி அது விழுகிறதா என்று பார்த்த பிறகு, தேடும்போது வரைந்த தாளில் எந்தப் பெட்டியில் என்ன திருத்தப்பட்டது என்பதைத் தேதியோடு எழுதி மின்பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.